அடைப்புக்குறிக்குள் ஆள்

செவ்வாய் மாலை ஆறரை.
ஃப்ரேசர்பர்க் நூலகத்தின் மாடி அறை.
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
எத்தனை சோப்புப் போட்டாலும்
ஹேடக் மீனின் வாடை
கோட்டோடு கூடவே படியேறி வந்து
பக்கத்து நாற்காலியில் உட்காருகிறது.

இடைநிலை வகுப்பு, பாடம் பதினொன்று:
செயப்பாட்டு வினை.
எல்ஸ்பெத் பலகையில் எழுதுகிறாள்.
மீன் பிடிக்கப்பட்டது.
மீன் வெட்டப்பட்டது.
மீன் அனுப்பப்பட்டது.
ஒருவரும் தப்பு விடவில்லை.
ஊரே பிழைப்பது இந்த மூன்று வாக்கியத்தில்தான்.

செய்தவர் யாரென்று தெரியாதபோது,
தெரிந்தும் முக்கியமில்லாதபோது,
சொல்லாமலே விளங்கும்போது.
ஆக மூன்று காரணம்.
வாக்கியத்தின் வாலில் ஒரு 'பை',
அதன் பின்னால் ஆள்,
இரண்டையும் சுற்றி அடைப்புக்குறி.
வேண்டுமானால் போடலாம் என்கிறது புத்தகம்.
விட்டாலும் வாக்கியம் விழாது.

இல்ஸே கை தூக்குகிறாள்.
ரீகாவிலிருந்து வந்தவள்.
ஆறு வருடமாக 'தி' எங்கே வரும் என்று
காற்றைக் கேட்டுப் போடுகிறவள்.
"நாலாவது காரணம் உண்டா?"

பையிலிருந்து ஒரு தாள் எடுக்கிறாள்.
மடிப்பில் நாலு நாள் அழுக்கு.
தொழிற்சாலையே தட்டச்சு செய்து தந்தது.
சாட்சி என்ற இடத்தில் அவள் பெயர்,
அதன் கீழே கோடு மட்டும் காலி.

காப்புத் தகடு கழற்றப்பட்டிருந்தது.
இயந்திரம் நிறுத்தப்படவில்லை.
இரண்டு விரல்கள் இழக்கப்பட்டன.

இலக்கணம் சுத்தம்.
ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை.
பத்துக்குப் பத்து போடலாம்.

அந்த விரல்களைப் பாருங்கள்.
போன வாரம்வரை எந்த வாக்கியத்திலும் இல்லாமல்
பிளாமனின் இடக்கையில் சும்மா இருந்தவை.
வெட்டுப்பட்ட பிறகுதான்
எழுவாய் என்று பட்டம் கட்டி
முதல் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பிளாமன் கடைசி வரிசையில் இருக்கிறான்.
கட்டுப்போட்ட கை மேசைக்கடியில்.
பாடத்துக்காக வரவில்லை,
வீட்டில் சுவரைப் பார்க்க முடியவில்லை.

எல்ஸ்பெத் தாளை இரண்டு தரம் படிக்கிறாள்.
சின்ன ஊர்.
மேற்பார்வையாளர் டங்கன்
அவளுடைய நாத்தனார் புருஷன்.
ஞாயிற்றுக்கிழமை விருந்தில்
உருளைக்கிழங்குத் தட்டை நகர்த்திக் கொடுப்பவன்.
ஹீட்டர் இரண்டு முறை இருமும்வரை
அவள் பேசவில்லை.
"உண்டு" என்கிறாள் பிறகு.
"இந்தப் பதிப்பில் அச்சிடவில்லை."

பயிற்சி: செய்வினையாக மாற்றுக.

செய்வினை என்றால் நம் பக்கத்தில்
முச்சந்தி, எலுமிச்சை, நள்ளிரவு.
இங்கே ஒரு பெயரும்
அதை எழுத ஒரு பேனாவும் போதும்.
பயம் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

இல்ஸே எழுதுகிறாள்:
டங்கன் தகடு கழற்று.
டங்கன் சொல்லு வேகம் வேகம்.

எல்ஸ்பெத் சிவப்புப் பேனாவை எடுத்து,
கீழே வைத்து, பென்சிலை எடுக்கிறாள்.
"கழற்று அல்ல, கழற்றினார்.
நடந்து முடிந்தது, இறந்த காலம்.
விகுதியை விட்டுவிட்டால்
இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது,
அதனால் பார்த்ததும் தெரியாது என்பார்கள்."

ஈ, டி. இரண்டே எழுத்து.
இல்ஸே அவற்றைச் சேர்க்கிறாள்,
தாள் அடுத்த பக்கம்வரை பள்ளம் விழ.

"தகட்டுக்கு முன்னால் 'தி'.
ஏதோ ஒரு தகடு இல்லை. அந்தத் தகடு."
"எங்கள் மொழியில் அது சொல்லின் வாலில் ஒட்டும்,"
என்கிறான் பிளாமன், பல்கேரியன்,
அன்று மாலை முதல்முறையாக வாய் திறந்து.
"ஒட்டினால் பிரிக்க முடியாது."

ஏழரைக்குப் படியிறங்குகிறார்கள்.
துறைமுகக் காற்று கதவை இவர்களுக்கு முன்னால் திறக்கிறது.
பிளாமன் கேட்கிறான்:
"சாவி தொலைந்தாலும் விரல் போனாலும்
இவர்களுக்கு ஒரே சொல்தானா?
அப்படியென்றால் எங்கே வைத்தாய் என்று
என்னையே கேட்பார்களோ?"
இல்ஸே சிரித்துவிடுகிறாள்.
பேருந்து வரும்வரை
வேறெதுவும் பேசவில்லை இருவரும்.

மாடியில் எல்ஸ்பெத்
பலகையை அழித்துக்கொண்டிருக்கிறாள்.
ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.